குழாய் பார்க்க வந்தவர்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க. பரம்பரைப் பெரிய மனுஷங்க மாதிரி வாழணும்னு ஒரு புத்தகம் வச்சுப் படிக்கிறீங்களே, அதுல சொன்னபடியே துணி நாப்கினை இஸ்திரி போட்டு மேசையில வச்சுட்டேன். சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட.

நான் அப்பா வீட்டுக்குப் போறேன்.

நேத்து வேலை முடிஞ்ச கையோட, உங்க பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் அவர் வந்தாரு. அழுக்குச் சட்டையும் ஸ்பேனர் பையுமா நின்னவரைப் பார்த்து, "யாரு?"ன்னு உங்க விருந்தாளிங்க கேட்டாங்க. "குழாய் பார்க்க வந்தவர்"னு குரலே உயராம சொன்னீங்க. மாமனார்னு சொல்ல நாக்கு வரல.

அப்பா நேரா சமையலறைக்குப் போய், ஒழுகாத குழாயைக் கழட்டி மாட்டிட்டு, "வரேன் சார்"னு உங்களைக் கும்பிட்டுப் போனாரு. நானும் வாயைப் பொத்திக்கிட்டுப் பரிமாறினேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

தேட வேண்டாம்.

பி.கு.: காலையில அப்பா போன் பண்ணாரு. "மாப்பிள்ளையைத் திட்டாதம்மா, அவருக்கு என்ன சங்கடமோ"ன்னாரு. அதைக் கேட்டப்புறம்தான் பெட்டியை எடுத்தேன்.