மேகத்துக்குள் ஒரு முள்

ஜெபமலர் அக்காவுக்கு, விமானங்களுக்குப் பெட்ரோல் ஊற்றி வானத்தையே ஆளும் தம்பி மிக்கேல் பெங்களூரிலிருந்து எழுதுவது. மாதா கிருபையால் உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும்.

விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்ட உங்கள் மகன் சவரிராயனுக்கு இன்னொரு பயிற்சி எதற்கு, கல்யாணம் பண்ண ஊருக்கு அனுப்பு என்று கேட்டிருந்தீர்கள். நேற்று அவனோடு நானும் பறந்தேன். சேர்வராயன் மலையளவே ஆன சின்ன மேகத்துக்குள் நுழைந்தோம்.

“நேராத்தானே போறமுங்க, மாமா?” என்றான்.

“கோயில் தேராட்டம் போவுது சாமி” என்றேன்.

கருவியின் முள்ளோ நாங்கள் கவிழச் சாய்ந்திருப்பதைக் காட்டியது. கூட இருந்த வாத்தியார்தான் நிமிர்த்தினார். உடம்பை நம்பாமல் முள்ளை நம்பப் பழக்குவதே அந்தப் பயிற்சி. முடித்துவிட்டே வரட்டும்.

என் பெண்டாட்டி ஆரோக்கியம் கண்மூடியதிலிருந்து என் உடம்பும் நேராக இருப்பதாகவே சொல்கிறது. அழுகைகூட வரவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். எனக்கு முள் கிடையாது. நான் சாய்வதாகத் தெரிந்தால் எழுதுங்கள், அக்கா. தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

மிக்கேல்