கோணல் கரட்

ஜனவரி 20, செவ்வாய்

எங்கள் கரட்டைக் கொழும்பு அவமானப்படுத்துகிறது. ஆன்லைனில் மரக்கறி விற்கிற செயலிக்காரர்களின் லொறியில் இன்றும் சுமன் வந்தான். அப்பா பிடுங்கியதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டான். வளைந்தது, கால் பிரிந்தது, சின்னது. "போட்டோல அழகா இருக்கணுமாம் தங்கச்சி, நான் என்னா செய்ய?" மண் என்ன அச்சா?

கழிவை வழக்கம்போல் தண்ணீர் விழும் பீலிக்கரையில் கொட்டினோம். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். பேச்சியம்மா அக்கா இரண்டு கால் கரட் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது ரெண்டு காலுக்கும் களிசான் போட்டிருக்குடி, சுமனுக்கே கட்டி வச்சிரலாம்" என்றார். எங்கள் லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜெயந்தினி அக்கா மடி நிறையக் கட்டிக்கொண்டார். அவருக்கு வயிற்றில் ஆறு மாதம். பயிர் வைக்க ஒரு துண்டு நிலமும் கிடையாது.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது. எங்கள் உழைப்பு குப்பையா?

ஜனவரி 27

செயலிக்கு எழுதினேன், பதினோரு படங்களோடு. கோணலும் கரட்தான். அதையும் எடுங்கள்.

பெப்ரவரி 11, புதன்

வென்றுவிட்டேன்! 'கோணல் பெட்டி' என்று புதிதாக ஒரு பகுதி திறந்திருக்கிறார்கள். முகப்பில் நான் எடுத்த படம். லொறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. தரையில் ஒன்றும் மிச்சமில்லை.

பெப்ரவரி 24

பீலிக்கரையில் ஜெயந்தினி அக்கா. "இன்னைக்கும் ஒன்னும் வரலியா தங்கச்சி?" இல்லை என்றேன். எல்லாம் விற்றுப்போகிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

அக்காவுக்குத் துணையாக கிளினிக் போனேன். மருத்துவிச்சி மிஸ்ஸி அக்காவின் கர்ப்ப அட்டையைப் பார்த்தார். "ரத்தம் காணாது, நிறையும் ஏறல்ல. என்னா சாப்புடுறீங்க?"

ரொட்டி, சம்பல்.

"மரக்கறி?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "முந்தி பீலியில கெடைக்கும் மிஸ்ஸி."

முந்தி. ஐயோ, நான் என்னா செஞ்சி வச்சிருக்கேன்? குப்பைன்னு நெனச்சேனே — அதுதானே இந்த லயத்துக்குக் கறி!

மார்ச் 13

ஒரு பெட்டியை ஏற்றாமல் இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "கரட் போடுற பன்னெண்டு வீடும் கோணல் பெட்டிக்குப் பேர் குடுத்தாச்சி. சொன்னத ஏத்தலன்னா லொறியே வராது. நீதானே எழுதிக் கேட்ட?"

நான்தான்.

என் பங்குக் கறியை அக்காவுக்குக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். அது ஒரு வீடு. பீலிக்கரையில் அள்ளியவர்கள் இருபது வீடு.

ஏப்ரல் 9, வியாழன்

நேற்று அக்காவுக்குப் பெண் பிள்ளை. இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அக்கா என்னைத் திட்டினால் தேவலை. "சாப்புட்டியா?" என்று கேட்கிறார்.

இரவு செயலிக்கு எழுதினேன். வாரம் ஒரு கோணல் பெட்டியை எங்கள் பீலிக்கரையிலேயே இறக்கிவிடுங்கள். நாங்கள் விளைவித்ததுதான்.

ஏப்ரல் 16

பதில் இல்லை. பதினோரு படங்களுக்கு இரண்டு வாரத்தில் பதில் சொன்னவர்கள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில். ஐந்தாவது தடவையாக எழுதினேன்: ஒரு பெட்டியைத் திருப்பித் தாருங்கள்.

வாசித்துவிட்டதாகக் காட்டுகிறது. வெளியே பெட்டிகளை ஏற்ற லொறி ஹோர்ன் அடிக்கிறது.