சூசன்னாவின் சமையலறை

ருவைஸ்
4.10.2003

அன்புள்ள தன்யா அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

நாங்கள் சுகம். தன்யாவுக்குக் கணக்கில் மட்டும் மார்க் குறைவு. போனில் பேசினால் உங்கள் ரூம்காரர்கள் பக்கத்தில் இருப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

கம்பெனி உங்களைக் கத்தாருக்கு, ராஸ் லஃபானுக்கு, அனுப்பியபின் கார் ஓட்ட ஆளில்லை, அபுதாபி கோயிலுக்குப் போக வழியில்லை. வெள்ளிக்கிழமை சமையலறையில் நானும் தன்யாவும் வேதம் வாசித்தோம். எதிர்வீட்டு ஜாய்ஸ் வந்தாள். பிறகு லேபர் கேம்பிலிருந்து ஆசீர் தம்பி, அவனோடு நாலைந்து பேர். போன வாரம் ஹாலும் நிறைந்துவிட்டது. வாசித்து விளக்கம் சொல்வது நான்தான். கோபப்படாதீர்கள்.

உங்கள்
வசந்தா

ராஸ் லஃபான்
13.10.2003

அன்புள்ள வசந்தா,

கோபமில்லை, பயம். உன் கடிதத்துக்கு முன்பே கீழ்வீட்டு சுரேஷ்குமார் போன் செய்துவிட்டான். "அண்ணே, உங்க வாசல்ல கல்யாண வீடு மாதிரி செருப்பு கெடக்கு. வாட்ச்மேன் என்னையப் புடிச்சுக் கேக்குறான்" என்றான்.

வீடு கம்பெனியுடையது. அந்த நாட்டில் அரசாங்கம் கோயிலுக்கென்று கொடுத்த இடத்தில்தான் ஜெபத்துக்குக் கூடலாம். யாராவது புகார் கொடுத்தால் விசா கேன்சல். தன்யாவின் பத்தாம் வகுப்பு என்னாவது? ஒரு பெண் விளக்கம் சொல்வதும் சிலருக்கு உறுத்தும். கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் நல்லது என்று தோன்றுகிறது.

பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதே.

வெஸ்லி

ருவைஸ்
22.10.2003

அன்புள்ள தன்யா அப்பாவுக்கு,

உங்களைவிட எனக்குப் பயம் அதிகம். நம் மாடியில் லிப்ட் நின்றாலே ஓடிப்போய்க் கதவுத் துளையில் பார்க்கிறேன். நேற்று வாட்ச்மேன், வெள்ளிக்கிழமைச் செருப்புக் குவியலைச் சொல்லி, "மேடம், பஹுத் சப்பல்!" என்று சிரித்தான். அது என்ன சிரிப்பென்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஆசீரின் அம்மா இறந்து, லீவு கிடைக்காமல், அவன் நம் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அழுதான். "கேம்ப்ல அழ எடமில்லக்கா" என்றான். அவனை எப்படி வராதே என்பேன்?

உங்களுக்கு ஏன் இந்தப் பெயர் என்று மாமா நம் கல்யாணத்தில் சொன்னாரே, மெதடிஸ்ட் சபை கண்ட ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னாவைப் பற்றி. கணவர் ஊரில் இல்லாதபோது சமையலறையில் கூட்டம் நடத்தினாள். நிறுத்தச் சொல்லி அவர் எழுதினார். யோசனையாக வேண்டாம், கட்டளையாக எழுதுங்கள் என்று பதில் போட்டாள். எல்லோரும் அவள் தைரியத்தைத்தான் சொல்கிறார்கள். பதில் வரும்வரை அவள் எப்படித் தூங்கினாள் என்று யாரும் சொன்னதில்லை.

நானும் அதையே கேட்கிறேன். 'தோன்றுகிறது' போதாது. 'நிறுத்து' என்று எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன். ஆசீருக்கும் ஆண்டவருக்கும் நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

வசந்தா

ராஸ் லஃபான்
5.11.2003

வசந்தா,

நீ கேட்ட சொல்லை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிவரை போய், போடாமல் திரும்பி வந்தேன். எங்கள் ரூமிலும் அழ இடமில்லை.

பாட்டு வேண்டாம், வாசித்தால் போதும். வருகிறவர்களின் செருப்புகளை எடுத்து பாத்ரூமில் வை. என் பயம் போகவில்லை, போகாது.

கட்டிலுக்கு அடியில் என் பழைய செருப்பு கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் அதை மட்டும் வாசலில் போடு. யாராவது கேட்டால், கூட்டம் அந்தச் செருப்புக்காரனுடையது என்று சொல்.

உன்
வெஸ்லி