உங்கள் படத்தில் என்ன வந்தது?

அன்புள்ள கண்டக்டர் அக்காவுக்கு, கண்ணாடிக்கடைக்காரி எழுதிக்கொள்வது.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. படித்துவிட்டுக் கடையில் பழைய ஃப்ரேம்கள் போட்டுவைக்கும் டிராயரில் வைத்தேன். தினமும் டிராயரைத் திறக்கிறேன், மூடுகிறேன். கடிதமே வந்து சேரவில்லை என்று ஒரு பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் டிக்கெட் எடுக்காதவனை முழியை வைத்தே பிடிக்கிற ஆள் நீங்கள். உங்களிடம் பொய் செல்லாது.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த நாளெல்லாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கடைசி நாள் நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள். இனி ஸ்கேன் எடுத்தால் வேறு யாருக்கும் சொல்வதற்கு முன்னால் நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும், அதுவும் எழுதித்தான். போனில் பேசினால் இரண்டு பேரும் ஒப்பாரி வைப்போம், ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்குக் கேட்காது என்றீர்கள். இரண்டு வருடம் சட்டம் ஒழுங்காக நடந்தது. "சுத்தம்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கார்டு போடுவீர்கள்.

அப்புறம் இந்தக் கடிதம். மறுபடி ரத்தம் பட்டது, எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பழைய இடத்திலேயே ஒரு கட்டி தெரிந்தது, சதை எடுத்துப் பார்த்து அதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து உடம்பு முழுக்க பெட் ஸ்கேன். அந்த ஒரே இடத்தோடு நின்றிருந்தால் ஆபரேஷன் செய்யலாம், வேறெங்காவது பரவியிருந்தால் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி: "எனக்குப் பயமா இருக்குடி." பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் கேட்கிற குரல் உங்களுடையது. அந்தக் குரலில் இந்த வரியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏன் பதில் போடவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அதே வாரம் என் எம்.ஆர்.ஐ. முடிவும் வந்தது. சுத்தம். அதை உங்களுக்கு எப்படி எழுதுவது? அதை மறைத்துவிட்டு ஆறுதல் மட்டும் எழுதினால் அது ஏமாற்று வேலை. இன்னொன்றும் இருக்கிறது அக்கா. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நல்லவேளை நானில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நிமிடம்தான். ஆனால் அன்றிலிருந்து என்னை எனக்கே பிடிக்கவில்லை.

போன வாரம் இடுப்பு வலிக்கிறது என்று போனதற்கு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று எனக்கும் பெட் ஸ்கேன் எழுதினார்கள். வீட்டுக்காரர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கும், போயிட்டு வா" என்று வாசலோடு சரி. ஊசி போட்டு ஒரு மணி நேரம் தனி அறையில் உட்காரவைத்தார்கள். பேசக்கூடாது, நடக்கக்கூடாது. உடம்பில் மருந்தின் கதிர் இருப்பதால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். நர்ஸ்கூட வாசலில் நின்றுதான், "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் இப்படித்தானே ஒரு மணி நேரம் இருந்திருப்பீர்கள்? அதுவும் என் பதில் வராமல்.

ஸ்கேன் முடிந்ததும், "யூரின் போயிட்டு வந்து திரும்பப் படுங்க, கீழ மட்டும் இன்னொரு தடவை எடுக்கணும்" என்றான் டெக்னீசியன். ஏதோ தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போய்வந்து படுத்தேன். மருந்து சிறுநீர்ப்பையில் தேங்கிப் பளிச்சென்று தெரிவதால் பக்கத்தில் இருப்பது மறைந்துவிடுமாம். அதைப் படம் எடுத்து முடித்த பிறகுதான் சொன்னான். நீங்களாக இருந்தால், "இறங்கினவங்க எல்லாம் மறுபடி ஏறுங்க, வண்டி கிளம்புது" என்று அவனையும் சிரிக்க வைத்திருப்பீர்கள்.

எனக்கு வெறும் எலும்புத் தேய்மானம்தான். நேற்று முடிவு வந்ததும் சட்டப்படி முதலில் யாருக்குச் சொல்வது என்று கடையில் நின்று முழித்தேன். வீட்டில் சொன்னேன். "நான்தான் சொன்னேன்ல" என்றுவிட்டு அவர் டிவி பார்க்கப் போய்விட்டார்.

நீங்கள் எழுதியிருந்த தேதிப்படி உங்கள் ஸ்கேன் முடிந்து பத்து நாளாகிறது. அந்த முடிவை உங்களோடு சேர்ந்து பார்க்க ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். மன்னிப்புக் கேட்டு இதை முடித்துக்கொள்ள மாட்டேன். கடையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன். இல்லையென்றாலும் கூட இருக்கிறேன். உங்கள் வாயில் எத்தனை திட்டு இருக்கிறதோ அத்தனையையும் உள்ளே இருந்தே திட்டுங்கள், வெளியே நின்று கேட்டுக்கொள்கிறேன்.

திட்டி முடித்ததும் கதவை மட்டும் திறந்துவிடுங்கள், அக்கா.

உங்கள்
கண்ணாடிக்கடைக்காரி