இடக்கை பிட்சரும் உன் மகளும்

மாப்ள,

காய்ந்துபோன கையுறைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அந்த வாடை ஏறியதும் விளாங்குடி மைதானத்தோடு நீயும் வந்து நின்றுவிட்டாய். உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஊருக்குள் பேஸ்பாலைக் கொண்டுவந்தது நான்தான். சரி, நீயும்தான். நான் அடித்த பந்து வைகையைத் தாண்டிக் கோச்சடையில் விழுந்தது. பார்க்கவே இல்லை என்று சாகும்வரை சாதித்தாய்.

உன் மகள் இடக்கைக்காரி. இடக்கை பிட்சர் எறியும் பந்து அவளுக்கு முதுகுப் பக்கமிருந்து கிளம்பி விலகி ஓடும். அதனால் அணி உன் கையில் இருந்தபோது, அப்படியொரு பிட்சர் வந்தாலே பெற்ற மகளை உட்காரவைத்து வலக்கைப் பிள்ளையை இறக்குவாய்.

"ஒக்கார வச்சா எப்படிடா பழகுவா? தெனம் எறக்கு. அவுட்டாகி அவுட்டாகித்தான் கண்ணு தெரியும்" என்று கத்துவேன்.

"செயிச்சாத்தான்டா மத்த பிள்ளைகளும் நாளைக்கு வரும். நீ ஒருத்தியப் பாக்குற, நான் அம்புட்டுப் பேரையும் பாக்குறேன்" என்பாய்.

இப்போது அணி என் கையில். எல்லா ஆட்டத்திலும் அவளை இறக்குகிறேன், இடக்கை பிட்சர் வந்த ஆட்டமெல்லாம் தோற்கிறோம். "செத்துப்போனவரு மகளுன்னு பாவம் பாக்குறீகளாண்ணே?" என்று ஒரு பிள்ளையின் அப்பா கேட்டேவிட்டார்.

நேற்று அரையிறுதி. எதிரே இடக்கை பிட்சர். உன் மகளே வந்தாள்.

"என்னைய ஒக்கார வச்சிருங்க மாமா. அப்பா இருந்தா வச்சிருப்பாரு."

"ஒங்கப்பன் இருந்தா நாங்க சண்ட போட்டுக்கிட்டு இருப்போம். இப்பச் சண்டைக்கு ஆளில்ல. மட்டைய எடு ஆத்தா."

முதல் இரண்டு பந்திலும் காற்றைத்தான் வெட்டினாள். மூன்றாவது பந்து மட்டையில் பட்டது; கோட்டுக்கு வெளியே போனதால் கணக்கில் சேரவில்லை. அடுத்த பந்தில் அவுட். ஆட்டமும் போயிற்று.

வண்டியில் வீடுவரை கொண்டுபோய் விட்டேன். இறங்கியதும் சொன்னாள்: "வெளிய போச்சுல்ல, அந்தப் பந்து அவ கையவிட்டுக் கெளம்புறப்பவே தெரிஞ்சுச்சு மாமா."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் பயிற்சிக்கு இன்று பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. நீ சொன்னதும் சரிதான் போல. அடுத்த போட்டியிலும் அவளை இறக்கத்தான் போகிறேன். எதிர்த்துக் கத்த நீ இல்லாமல், உன் பக்கத்து நியாயத்தையும் நானே பேசிக்கொண்டு இறக்குவதுதான் மாப்ள, இம்புட்டு அசதி.