நஞ்சம்மாளுக்கு வளைவு வேண்டாம், சாமைக்காட்டுப்பட்டிக்குப் பாதை வேண்டும்

அனுப்புநர்
சி. சாமியப்பன்,
சாமைக்காட்டுப்பட்டி,
வாழவந்தி நாடு, கொல்லிமலை.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: காலஞ்சென்ற என் மனைவி நஞ்சம்மாள் பெயரில் கட்டவுள்ள நினைவு வளைவை நிறுத்தி, அவர் கேட்ட பாதையை அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: முடித்து வைக்கப்பட்ட அவருடைய மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மனு எழுதிப் பழகியவன் அல்ல. எங்கள் வீட்டில் அந்த வேலையை என் மனைவி பார்த்தார். மரவள்ளிக்காட்டையும் மிளகுக்கொடியையும் நான் பார்த்தேன். சென்ற மாசி மாதம் அவர் காலமாகிவிட்டதால் இப்போது நான் எழுத வேண்டியிருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

1. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று கிடைக்காமல் படிப்பு நின்றுபோன காலத்தில், மலையடிவாரத்துக் காரவள்ளி வரை நடந்தே இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி வாங்கி வந்தவர் என் மனைவி. தோட்ட வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று இருந்ததைக் கேள்வி கேட்டு, மிளகு பறிப்பு நேரத்தில் பெண்களை வேலைக்குப் போகாமல் உட்கார வைத்தவர். ஓட்டுப் போட மலையின் அடுத்த பக்கம் வரை நடந்துகொண்டிருந்த எங்களுக்குப் பக்கத்திலேயே வாக்குச்சாவடி வந்ததும் அவரால்தான். இதற்கெல்லாம் அவருக்குக் கிடைத்தது வெடித்த குதிகாலும் வீட்டில் என் முணுமுணுப்பும்.

2. கடைசியாக அவர் கேட்டது பாதை. தார் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடித் தடம்தான் இருக்கிறது. நடக்க முடியாதவர்களைப் போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்துத் தூக்கிப் போகிறோம். ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நிற்கும். பாதைக்கு வேண்டிய இடம் முழுவதும் எங்கள் பட்டா நிலம். விட்டுத் தருவதாக எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டோம். பாதை இல்லாததால்தான் என் மனைவி இறந்தார் என்று எழுதினால் மனுவுக்கு வலு சேரும் என்று உறவினர் கதிர்வேல் சொன்னார். அது பொய். என் மனைவிக்கு வயதாகிவிட்டது; கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பொய் மனு அவருக்குப் பிடிக்காது.

3. ஆடி மாதம் அவர் பெயருக்கே ஒரு தபால் வந்தது. மனுதாரர் இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று மனு முடிக்கப்பட்டதாக, மனுதாரருக்கே தெரிவித்திருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

4. இதில் எங்கள் ஊரின் தவறும் உண்டு. பல வருடங்களுக்கு முன் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம். சாமை அறுப்பு நேரத்தில் அத்தனை பேரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போய்த் திரும்புவதற்குள் கதிர் காட்டிலேயே உதிர்ந்துவிட்டது. அதன் பிறகு என் மனைவி, "இனி எம்பேரு மட்டும் போதுமுங்க, அலையறத நான் ஒருத்தியா அலைஞ்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். விட்டது தொல்லை என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஒருவர் பெயரில் இருந்த மனு, அந்த ஒருவரோடு போய்விட்டது.

5. இந்த நிலையில், தார் ரோட்டிலிருந்து எங்கள் தடம் பிரியும் இடத்தில் அவர் பெயரில் நினைவு வளைவு கட்டப்போவதாகவும், அதற்குத் தங்கள் அனுமதி கேட்டிருப்பதாகவும் வளைவுக்கென்று அமைத்த விழாக்குழுவைச் சேர்ந்த வேல்முருகன் வந்து சொன்னார். "ஏனுங்க மாமா, அத்தைக்கு இது எத்தன பெரிய மரியாதைங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நஞ்சம்மாள் இருந்திருந்தால், "அந்த வளைவுக்குள்ள எந்த வண்டிங்க வரும்?" என்று கேட்டிருப்பார். எனக்கு அவ்வளவு வாய் கிடையாது. கோபம்தான் வருகிறது, அதுவும் இந்த வயதில் ரொம்ப நேரம் நிற்பதில்லை.

6. எங்கள் மருமகள் சுஜிதாவுக்கு இது எட்டாம் மாதம். ஐப்பசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழையில் எங்கள் தடம் வழுக்கும். தூளி தூக்கியவர்கள் விழுந்திருக்கிறார்கள். தூக்கக்கூடிய இளவட்டங்களில் பாதிப் பேர் இப்போது திருப்பூரில் வேலையில் இருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

ஆகவே, வளைவுக்கு அனுமதி அளிக்காமல், என் மனைவியின் மனுவை மீண்டும் எடுத்து, ஐப்பசி பிறப்பதற்குள் பொக்லைன் வைத்துத் தடத்தை அகலப்படுத்தி, ஆம்புலன்ஸ் ஊருக்குள் வரும்படி செய்து தர வேண்டுகிறேன். தார் பிறகு போட்டுக்கொள்ளலாம். இந்த முறை ஊரார் அனைவரும் கையொப்பமும் கைநாட்டும் வைத்திருக்கிறோம். சுஜிதாவும் வைத்திருக்கிறாள். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் எல்லோரும் வருகிறோம். இதில் யாராவது ஒருவர் இறந்துபோனால், மற்றவர்கள் உயிரோடு இருப்பதைக் கருத்தில் கொண்டு, மனுவை முடித்து வைக்காமல் இருக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சாமைக்காட்டுப்பட்டி
நாள்: 15.09.2025

இங்ஙனம்,
சி. சாமியப்பன்
மற்றும் ஊரார்