விட்டுப்போன ‘ம்’

உத்திரமேரூர்
8.9.1978

அன்புள்ள நசுருதீனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். ஏரியில் பாதித் தண்ணீர்தான்; நம்பி நாற்று விட்டிருக்கிறோம். செங்கல்பட்டில் உன் துணிக்கடை எப்படி நடக்கிறது?

ஏரிக்கரையான் என்பவர் எழுதிய நாவலை மூன்றாம் முறையாகப் படிக்கிறேன். முனியம்மாள் என்று ஒருத்தி. மகனுடைய முஸ்லிம் சிநேகிதனுக்கு அன்பாக மோர் கொடுக்கிறாள். அவன் போனதும் அந்தப் பித்தளைத் தம்ளரை நெருப்பில் காட்டி எடுக்கிறாள். நம் சமூகத்தின் சிரித்த முகத்தை யாரும் இப்படி எழுதியதில்லை. அழுதுவிட்டேன். எப்படித்தான் மனம் வந்ததோ அவளுக்கு!

தை மாதம் என் மகள் கனகாவுக்குக் கல்யாணம். முதல் நாளே வந்துவிடு.

உன்
பஞ்சாட்சரம்


செங்கல்பட்டு
15.9.1978

அன்புப் பஞ்சுவுக்கு,

கல்யாணச் செய்தி கேட்டதும் என் வீட்டில் சுரையா கனகாவுக்கென்று ஒரு பட்டுப்புடவை எடுத்துவைத்துவிட்டாள்.

தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் நாவல் படிக்க எனக்கு எங்கே ஒழிகிறது? புளி போட்டுத் துலக்கி நெருப்பில் காட்டுவது ஊரில் நடக்காததா? அதற்குப் போய் அழாதே.

நசுரு


உத்திரமேரூர்
22.9.1978

நசுருதீனுக்கு,

படிக்கவில்லை என்கிறாய். புளியைப் பற்றி நான் எழுதவே இல்லையே! அது புத்தகத்தில் அல்லவா இருக்கிறது?

மறுபடி புரட்டினேன். தம்ளரில் பெயர் வெட்டியவன் ஒரு ‘ம்’ விட்டுவிட்டு, ‘முனியமாள்’ என்று வெட்டியதாக வருகிறது. பரணில் இருந்து என் அம்மாவின் தம்ளரை இறக்கிப் பார்த்தேன். ‘சொக்கமாள்.’ அதில் குடித்தவனுக்குத்தான் இது தெரியும். பெயரை மாற்றினாய், தவறை மாற்ற மறந்துவிட்டாய்.

“வா கண்ணு” என்று கூப்பிட்டு உனக்கு மோர் ஊற்றியவள் அவள். செத்தவள் எழுந்து வந்து கேட்க மாட்டாள் என்ற தைரியமா? உண்மையைச் சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கு வா.

பஞ்சாட்சரம்


செங்கல்பட்டு
30.9.1978

அன்புப் பஞ்சுவுக்கு,

ஏரிக்கரையான் நான்தான்.

அன்றைக்கு மோர் குடித்துவிட்டுப் போனவன், உங்கள் வீட்டில் மறந்துவிட்ட பள்ளிப் பையை எடுக்கத் திரும்பி வந்தேன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. உன் அம்மாவின் குரல் கேட்டது: “வுட்றா நைனா, புள்ள மோர் குட்ச்சிட்டுப் போச்சி. அதுக்கு இன்னாத்துக்குடா நெருப்பு?”

இடுக்கியில் தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நீ.

அதை அப்படியே எழுதக் கை வரவில்லை. பழியை அம்மாவின்மேல் போட்டுவிட்டேன்.

அழுதேன் என்று நீ எழுதியதும், உனக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதனால்தான் அழாதே என்றேன்.

புடவை பெட்டியில் இருக்கிறது. நாங்கள் வரட்டுமா?

நசுரு